மீன்தோல் அங்கி

சுவிஸ் நகரமான ஓல்டனில், ரயில்பாதையோரத்து அருங்காட்சியகத்தின் பின்னறையில், பராமரிப்பாளர்களான ஹரிஷாவும் நிலக்ஷனும் பெட்டியிலிருந்து ஒரு மீன்தோல் அங்கியைத் தூக்குகிறார்கள். ஹரிஷா அதன் தோள்களைப் பிடித்திருக்கிறாள், நிலக்ஷன் கீழ்விளிம்பை. வடகிழக்குச் சீனாவின் ஆற்றங்கரை ஹெஜென் மக்களுடைய அங்கி அது. செதில் உதிர்ந்த தடங்களில் சன்னல் வெளிச்சம் வெள்ளியாய் ஊர்கிறது. மீனின் துடுப்பு இருந்த ஓட்டைகளை நீலச் சுருள் மேக வடிவ ஒட்டுகள் மூடியிருக்கின்றன. அவற்றைத் தைத்தவரின் மகள் யூ லான், தொடக்கூடாது என்று சொல்லப்பட்டதால் கைகளைப் பின்னால் கட்டி நிற்கிறார். வெளியே சரக்கு ரயில் கடக்க, தரை அதிர்கிறது. 'டிக்' என்றொரு சத்தம். கழுத்திலிருந்து மேகத்தை நோக்கி ஒரு கீறல் இறங்குகிறது.

"திரும்பப் பெட்டிக்குள்ள விடட்டோ?" நிலக்ஷன் கேட்கிறான்.

"விடாதை! அசைச்சா முழுக்கக் கிழிஞ்சிடும்."

இருவருக்கும் வேறு கையில்லை. கீறல் நீள்கிறது. யூ லான் சட்டென்று முன்னே வந்து, கையுறையில்லாத உள்ளங்கைகளை அடியில் கொடுத்து அங்கியைத் தாங்குகிறார். மேகத்தின் விளிம்பில் கீறல் நிற்கிறது. மூவரும் மூச்சடக்கி நகர்ந்து அதை மேசையில் இறக்குகிறார்கள். அம்மா தைத்த மேகத்தின் கீழேயே யூ லானின் கைகள் இருக்கின்றன.

"கையை எடுக்கச் சொல்லட்டோ?" நிலக்ஷன் மெதுவாய்க் கேட்கிறான்.

"வேண்டாம்," என்கிறாள் ஹரிஷா. "கொஞ்சம் இருக்கட்டும்."