முழங்கால் ஆழம்

“யாரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது” என்று பேருந்திலேயே எச்சரித்திருந்தேன். ஆனால் சதுப்பேரியின் ஆழம் பார்க்க அளவுக் கம்பை ஊன்றியபோது கரை சரிந்து, என் வலது கால்தான் முதலில் சேற்றுக்குள் போனது. ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது. நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. நாளை எந்த முகத்தோடு அதட்டுவேன்?

பூங்கோதை கம்பை வாங்கி என் காலருகே ஊன்றினாள்.

“நாப்பது சென்டிமீட்டர், மிஸ். எழுதிக்கட்டுமா?”

“மிஸ் அங்கயே வேர் விட்டுருவாங்கடி” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. விரலிடுக்குகளில் சேறு குளுமையாகப் பிதுங்கியது. காலை உருவிக்கொள்ள மனமில்லை. புடவையைத் தூக்கிச் செருகினேன்.

“இரு, இன்னும் எழுதாத” என்று இடது காலையும் இறக்கினேன்.