முதல் மடக்கு

"மெனுவைக்கூட அந்தம்மா கையில கொடுக்க விடலை, பார்த்தீங்களா?" என்றாள் கிராசியெத்.

"மெதுவா பேசு," என்றார் அவள் கணவர் அபீலியு.

போர்ச்சுகலின் வியானா துறைமுகத்தை ஒட்டிய மீன் உணவகம். ஞாயிறு மதியம், நல்ல கூட்டம். பக்கத்து மேசையில் வயதான தம்பதி. பரிமாறுபவர் அந்தப் பெண்மணியிடம் நீட்டிய மெனுவை, கணவர் குறுக்கே வாங்கி மூடி வைத்துவிட்டார்.

"அவளுக்கும் சேர்த்து நானே சொல்றேன். பூண்டும் கொத்தமல்லியும் போட்ட மட்டிச் சிப்பி. அல்வரின்யோ வெள்ளை ஒயின் ஒரு பாட்டில்."

"இன்னிக்குப் பன்றி வறுவல் ரொம்ப நல்லா இருக்கு சார். மேடத்துக்கு வேணும்னா..."

"வேண்டாம். அதுக்குச் சிவப்பு ஒயின்தான் சரி. இந்த வெள்ளை அதுகிட்ட தோத்துடும்."

அந்தப் பெண்மணி கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டார்.

"போர்ச்சுகல்ல இன்னும் இந்த மாதிரி புருஷனுங்க இருக்கானுங்களா?" கிராசியெத் பல்லைக் கடித்தாள்.

"நான் ஆக்டோபஸ் கேட்டேன். நீ எனக்கு மீன் சொன்னே. நான் ஏதாவது சொன்னேனா?"

"அது உங்க பல்லுக்காகச் சொன்னது. இது வேற."

ஒயின் வந்தது. பக்கத்து மேசைக்காரர் மனைவியின் கோப்பையை எடுத்து முதல் மடக்கைத் தானே குடித்தார். மட்டி வந்தது. மனைவியின் தட்டிலிருந்து முதல் மட்டியையும் அவரே எடுத்துச் சாப்பிட்டார்.

"சேச்சே," என்றாள் கிராசியெத்.

"இரு, இப்பக் குடிக்காதே," என்று அந்தக் கணவர் தன் மனைவியின் கையைப் பிடித்தார். "முதல்ல மட்டியைச் சாப்பிடு. அந்த உப்பு நாக்குல இருக்கும்போதே குடி. ம், இப்ப. எலுமிச்சைத் தோல் மாதிரி புளிப்பு. துளி இனிப்பு இல்லை. அப்புறம் பச்சை ஆப்பிள். கடைசியில லேசா கசக்கும்."

"அந்தம்மா வாயில இருக்கறதுக்கு இவர் ருசி சொல்றார். இதெல்லாம் என்ன கொடுமை?"

"உன் மீன் ஆறுது," என்றார் அபீலியு.

பக்கத்து மேசையில் அந்தப் பெண்மணி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "போதும் பெல்மிரு."

"இன்னும் ஒண்ணு. இதுல பூண்டு நல்லா ஏறியிருக்கு. வாயைத் திற."

அவ்வளவுதான். நாற்காலி கிறீச்சிட கிராசியெத் எழுந்தாள். அபீலியு அவள் கையைப் பிடிப்பதற்குள் அந்த மேசைக்கே போய்விட்டாள்.

"ஐயா, ரொம்ப நேரமாப் பார்த்துக்கிட்டிருக்கேன். என்ன சாப்பிடணும், எப்பக் குடிக்கணும், எல்லாம் நீங்களேவா சொல்லுவீங்க? தன் வாயில என்ன ருசி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

உணவகமே திரும்பிப் பார்த்தது. பெல்மிருவின் முகம் சிவந்தது. நீட்டிய மட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"தெரியாதும்மா," என்றார் அந்தப் பெண்மணி.

கிராசியெத் விழித்தாள்.

"இது எங்க தோட்டத்து ஒயின். செஞ்சது நான். பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னால ஒரு காய்ச்சல் வந்து, மணம், ருசி ரெண்டையும் கொண்டுபோயிடுச்சு. நான் செஞ்சதை நானே ருசி பார்த்ததில்லை. எதை வாயில வெச்சாலும் வைக்கோல்தான். சாப்பாட்டையே விட்டுட்டேன்."

அவர் கணவரின் கையைத் தன் கையால் மூடினார்.

"இவர் பீர் குடிக்கிற மனுஷன். ஒயின்னாலே மூஞ்சியைச் சுளிப்பார். எனக்காக எது எதோட சேரும்னு ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டார். இவர் சொல்றதைக் காதால கேட்டுத்தான்மா நான் சாப்பிடுறேன்."