பாரச் சோதனை

வீட்டு வாரிய அதிகாரி இருதயராஜ், கட்டுமானக் கம்பெனி முதலாளி குலசேகரன், மூங்கில் சட்டகத்தை வடிவமைத்த பொறியாளர் மரகதவல்லி. மூவரும் மாதிரி வீட்டின் முன் நின்றிருந்தார்கள். கூரைமேல் மணல் மூட்டை ஏற்றும்போது வடிவமைத்தவர் உள்ளே இருக்க வேண்டும். அது வாரியத்தின் வழக்கம். தாங்கினால் வாரியம் கட்டப்போகும் குடியிருப்பு முழுக்க மூங்கில் வீடுகள்தான்.

மரகதவல்லி சுவரைத் தடவினாள். விரலில் மாவு போன்ற தூள் ஒட்டியது. உள்ளே வண்டு துளைக்கிறது. ரசாயனம் படாத வீடு என்று பெயர் வாங்குவதற்காக, வண்டு அரிக்காமலிருக்க மூங்கிலைப் போராக்ஸ் கரைசலில் ஊறப்போடும் வேலை வேண்டாம் என்றவள் அவளேதான்.

"என்ன மேடம், மாட்டைத் தடவுற மாதிரி தடவுறீங்க? முட்டிருமோ?" என்றார் இருதயராஜ்.

"சார், இன்னிக்கு வேணாமே..."

குலசேகரன் அவள் காதருகே குனிந்தார். "தூளைக் காலைல நான்தான் கூட்டி அள்ளினேன். வாயை மூடிட்டு உள்ள போம்மா. இன்னிக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னது சரி. இன்றைக்குத் தாங்கிவிடும். ஆட்கள் குடிவந்து, இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து உட்காரும். இப்போதே சொல்லிவிட்டால், மூங்கில் என்ற பேச்சையே இனி எவனும் எடுக்க மாட்டான்.

விழுவதானால் இப்போதே என் தலையில் விழட்டும் என்று நினைத்தபடி உள்ளே போனாள். குலசேகரன் கதவைச் சாத்தி வெளிப்பக்கம் பூட்டினார்.