ஒரு கையெழுத்து பாக்கி

"எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

செயலாளர் மனுவை டீமின் பிசியோதெரபிஸ்ட் மேஜையில் வைத்தார். காலேஜ் விளையாட்டுக் கமிட்டியின் செயலாளர். மூன்று நாளில் இது நான்காவது படையெடுப்பு. இன்றைக்குத் துணைக்குக் கோச் வேறு.

பிசியோ நிமிரவில்லை. கால்பந்து டீமுக்குக் கட்டுப் போடும் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"படிச்சாவது பாருங்க."

"படிச்சேன். டிரைவர் பஸ் படியில வழுக்கி விழுந்தார்னு எழுதியிருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் முன்சீட்டுல உட்கார்ந்திருந்தேன் சார்."

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும்போது, வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னான் கேப்டன். நேரமாகிவிட்டது என்றார் டிரைவர். காலேஜ் வாசலில் இறங்கும்போது கேப்டன் கையில் வைத்திருந்த பூட்ஸால் அவர் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். புருவத்தில் ஆறு தையல். இடது கண்ணில் பார்வை திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. டிரைவர் பிரின்சிபாலிடம் புகார் கொடுத்தார். அன்றோடு பஸ்ஸில் இருந்த மற்ற பதினெட்டுப் பேருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது.

"மூணு மணிக்கு பிரின்சிபால் விசாரிக்கிறார். அதுக்குள்ள இது அவர் மேஜைக்குப் போகணும். பொய்ப் புகார்னு முடிஞ்சாதான் சனிக்கிழமை ஃபைனல்ல பையன் ஆட முடியும்."

"டிரைவருக்கு?"

"வேலை போகும். வேற எங்கயாவது ஓட்டிக்கட்டும்."

"ஒத்தைக் கண்ணோடவா?"

செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு ஃபைனலுக்கு வந்திருக்கோம். ஊரே அவன் பின்னால நிக்குது. வாசல்ல பேனர் பார்க்கலையா? 'நாங்கள் உன்னோடு'ன்னு எவ்வளவு பெரிசு!"

"பார்த்தேன். வராந்தா பெஞ்சுல கட்டோட டிரைவர் உட்கார்ந்திருக்கார். அவரையும் பார்த்தேன்."

"அந்த ஆளை விடுங்க. எதிர் டீம்காரன் தூண்டிவிட்டு ஆடறான்."

"கண்ணைக் கொடுத்துட்டு யாராவது ஆடுவாங்களா?"

செயலாளருக்குச் சுருக்கென்றது.

"நாலு வருஷமா அந்தப் பையன் காலைப் பிடிச்சுவிடறீங்க. கொஞ்சமாவது விசுவாசம் வேணாம்? உங்க சொந்தப் புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"சொந்தப் புள்ளையா இருந்தா அன்னிக்கே ரெண்டு அறை விட்டு, டிரைவர் வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்."

"'துரோகி'ன்னு உங்க அறைக் கதவுலயே எழுதப் போறாங்க பாருங்க" என்றார் செயலாளர். எழுதட்டும் என்றார் பிசியோ. கதவுக்கு எப்படியும் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது.

கோச் குறுக்கே புகுந்தார். "மனுஷன் அசந்துபோய் இருக்கார், விடுங்க சார். ஆமா, நேத்துப் பிராக்டிஸ்ல பையன் முட்டியைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தானே? ஐஸ் வெச்சா சரியாயிடும் இல்ல?"

பிசியோ டேப்பைக் கீழே வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஸ்கேன் கவரை எடுத்தார்.

"முதல்ல அவன்கிட்ட சொல்லணும்னு வெச்சிருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இங்க உட்கார்ந்திருக்கேன். முட்டியில லிகமென்ட் அறுந்துபோச்சு. ஆபரேஷன் பண்ணியாகணும். எட்டு மாசமோ, பத்து மாசமோ. அதுக்கப்புறமும் பழைய ஓட்டம் வருமான்னு சொல்ல முடியாது."

கோச் ஸ்கேனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நாலு தடவை பார்த்தேன்."

கோச் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "அவன் இடத்துல அந்த இடதுகால்காரனை நடுவுல இறக்கி, கோல் பக்கம் ஒருத்தனைப் பின்னால தள்ளினா…"

செயலாளர் மனுவை எடுத்தார். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யோசிச்சுப் பார்த்தா நீங்க சொல்றதும் நியாயம்தான். கண்ணால பார்த்ததை மறைக்கலாமா? காலேஜுக்குன்னு ஒரு பேர் இருக்கு. அவனுக்கும் ஆரம்பத்துலேர்ந்தே திமிர் ஜாஸ்தி."

"நான் சொல்லிட்டேதான் இருந்தேன்" என்றார் கோச்.

எப்போது, யாரிடம் என்று கேட்க பிசியோவுக்குத் தெம்பில்லை. பையன் ஹாஸ்டலில் எந்த அறையில் படுத்திருக்கிறான் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

செயலாளர் வராந்தாவுக்குப் போனார். கேன்டீன் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். டீ வந்ததும் தன் கையாலேயே வாங்கி, பெஞ்சில் இருந்தவரிடம் நீட்டினார். காலையிலிருந்து ஐந்தாறு தடவை அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போனவர்தான்.

"அண்ணே, எவ்வளவு நேரமா இப்படி உட்கார்ந்திருக்கீங்க? கண்ணு இப்ப எப்படி இருக்கு? உள்ள போய் நடந்ததை நடந்தபடி தைரியமா சொல்லுங்க. நாங்க எல்லாரும் உங்க பக்கம்."

டிரைவர் டீயை வாங்கவில்லை. ஒற்றைக் கண்ணால் டம்ளரைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். அப்புறம் அவர் பின்னால் வந்து நின்ற பிசியோவிடம் திரும்பினார்.

"புகாரை நான் விடமாட்டேன் சார். அது வேற." குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்கு டீயெல்லாம் வருதுன்னா, கேப்டன் இனி ஆட மாட்டார்னு அர்த்தம்… அந்தத் தம்பிக்கு என்ன சார் ஆச்சு? ரொம்ப வலிக்குதா?"