அமுதவல்லியின் மாத்திரை

எலும்பு, தசை, ரத்தக்குழாய் செல்களின் உட்கருவில் தூங்கும் ஏற்பிகளை எழுப்பி, உடம்புக்கு இளமையின் வலுவைத் திருப்பித் தரும் மாத்திரை அது. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் ரேஷனில் கொடுத்தார்கள். குணாளன் தன் மனைவி அமுதவல்லியின் பங்கை ரகசியமாக விழுங்கிவிட்டு, அவள் டப்பாவில் அதே நிறத்துச் சத்து மாத்திரைகளைப் போட்டுவைத்தான். அறுபது வயதில் காலனி ஓட்டப்பந்தயத்தில் கோப்பையும் வாங்கினான்.

இன்று காலை குளியலறைப் படியில் லேசாகத் தடுக்கியதற்கே அமுதவல்லியின் கால் முறிந்துவிட்டது.

"ரேஷன் மாத்திரை போடவே இல்லையாம்மா?" ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கேட்டார்.

"நான்தான் மறந்துடுவேன், டாக்டர்."

குணாளனுக்கு நிமிர்ந்து பார்க்கவே கூசியது. மாவுக்கட்டோடு அவளைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். மூச்சுகூட வாங்கவில்லை.

அவன் தோளில் சாய்ந்தபடி மெதுவாகச் சொன்னாள்: "என் மாத்திரை நல்லாத்தாங்க வேலை செய்யுது."