வாய் திறக்காத சோதனை

"கையெழுத்தைப் போடும்மா. மேலே பச்சைக் குழந்தை காத்துக்கிட்டிருக்கு."

மருந்து கலக்கும் அறையின் தலைவர் சொட்டு மருந்துப் பையை அவள் முன்னால் தள்ளினார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் தராசு என்பார்கள். அவர் கலந்தால் ஒரு சொட்டு கூடாது, குறையாது என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு. அவளோ புதிதாகச் சேர்ந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்தவர் கலந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவள் பொறுப்பு.

பையில் இருந்தது உப்பு மருந்து. அளவு மீறினால் பிஞ்சு இதயம் அப்படியே நின்றுவிடும்.

பக்கத்தில் கிடந்த காலிக் குப்பியை எடுத்தாள். நீல மூடி, வழக்கமாக எடுக்கும் குப்பிக்கு இருப்பதுதான். மூடியின் நிறத்தை நம்புகிற ஆள் அவள் இல்லை. எழுத்தை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். குப்பியைக் கவிழ்த்து வைத்தாள்.

"போட மாட்டேன் சார். முதல்லேருந்து கலக்குங்க."

என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த அறையின் சட்டம் அது. சோதிப்பவர் தப்பு இன்னதென்று வாய் திறக்கக் கூடாது. சொன்னால், கலந்தவர் அதை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதைக் கோட்டை விட்டுவிடுவார்.

தராசு குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தான் கலந்த பையை இதுவரை ஒருத்தரும் திருப்பியதில்லை என்றார். வேலை நிரந்தரமாவதற்குப் பரிந்துரை எழுதப் போவது யார் என்பதையும் போகிற போக்கில் நினைவூட்டினார். நடுவே மேல்மாடியிலிருந்து செவிலியர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். கீழே எல்லோரும் தூங்குகிறீர்களா, ஒரு கையெழுத்துக்கு நல்ல நாள் பார்க்கிறீர்களா என்று பொரிந்துவிட்டு வைத்தார்.

பேனா அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இந்த வேலையும் போனால் வீட்டில் அம்மாவின் முகத்தில் முழிக்க முடியாது.

"நீங்க எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான் சார்."

கத்தரிக்கோலை எடுத்தாள். பையின் மூலையை நறுக்கி, மொத்தத்தையும் கழிவு வாளியில் கவிழ்த்தாள்.

தராசு சிரித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாம் நாடகமாம். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் வைக்கிற பரீட்சை. வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்துவிட்டு, மிரட்டியும் அவசரப்படுத்தியும் பார்ப்பார். செவிலியரின் தொலைபேசிகூட ஏற்பாடுதான். அந்தப் பைக்காக மேலே எந்தக் குழந்தையும் காத்திருக்கவில்லை. இதுவரை வந்த அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"நீ ஒருத்திதான் பாஸ். இப்ப வாயைத் திறக்கலாம். வேற குழந்தையோட லேபிளை ஒட்டியிருந்தேனே, அதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"லேபிளா? நான் அதுவரைக்கும் போகவே இல்லையே சார்." கவிழ்த்து வைத்த குப்பியை நிமிர்த்தி அவர் பக்கம் நகர்த்தினாள். "இது பத்து மடங்கு வீரியம்."

தராசு குப்பியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் மாத்தினது லேபிளை மட்டும்தாம்மா" என்றார் மெல்ல. "குப்பி, இன்னிக்கு வந்திறங்கின புதுப் பெட்டியில எடுத்தது. அடுத்த பையை நிஜக் குழந்தைக்கு அதிலேருந்துதான் கலக்க இருந்தேன்."