கண்ணாடிக் கூண்டில் ஒரு வகுப்பு

பௌர்ணமி மாலை. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் நெரிகிறது. மஞ்சள் வெயிலில் மலை அப்படியே கோபியின் ஐ.எஸ்.டி. பூத் கண்ணாடியில் விழுந்திருக்க, அதற்குள் ரிசீவரோடு நிற்கிறாள் பொன்னி. மறுமுனையில் மாலத்தீவுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். ஆங்கில டீச்சர் வேலை. ஒரு வருஷமாய் அவள் காத்திருந்த அழைப்பு. தன்னையே மூன்றாம் வகுப்புப் பையனாக நினைத்துப் பாடம் நடத்தச் சொல்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" கதவிடுக்கு வழியே தெருவின் கோஷம் மொத்தமும் உள்ளே பாய்கிறது. "மாலத்தீவுக்குப் பேசுறாங்க, சத்தத்தைக் கம்மி பண்ணுங்கப்பா!" என்று அலறுகிறான் கோபி. "உன் சத்தம்தான்யா ஜாஸ்தி!" என்கிறது காத்திருக்கும் வரிசை. அங்கே என்ன இரைச்சல் என்று மறுமுனைக் குரல் கடுமையாகிறது. போச்சு, வேலை போச்சு. கோபி தலையில் கை வைக்கிறான். பொன்னி வைக்கவில்லை. முழங்கையால் கதவைத் தள்ளுகிறாள். சுருள் ஒயர் விறைக்க, ரிசீவரைத் தெருப்பக்கம் நீட்டுகிறாள். பஸ் ஹாரன், சங்கு, கடலை வண்டியின் டங்டங், மறுபடி அரோகரா. பிறகு காதில் வைத்து, நிதானமான ஆங்கிலத்தில் கேட்கிறாள்: "எத்தனை சத்தம் கேட்டது? ஒவ்வொன்றாகச் சொல்லு பார்ப்போம்!" வரிசை பூத்துக்குள் எட்டிப் பார்க்கிறது. மறுமுனையின் ஒவ்வொரு பதிலுக்கும் அவள் விரல் மடங்குகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சிரித்துவிடுகிறாள். "என்னாங்க சொல்றாரு?" கோபியால் தாங்க முடியவில்லை. ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சொல்கிறாள்: "பையனுக்கு இன்னொரு தரம் கேக்கணுமாங்க!"